மறுதொடக்கத்துக்குப் பிறகு தரவுத்தளச் சேவைக் கணக்கு உள்நுழைய மறுத்தால்

பாதுகாப்புத் திருத்தங்களை நிறுவி முடித்துச் சர்வரை மறுதொடக்கம் செய்கிறோம். சர்வர் எழுந்துவிடுகிறது, தரவுத்தளச் சேவை மட்டும் எழவில்லை. சேவைகள் பட்டியலைத் திறந்து, நின்றுகிடக்கும் சேவையைத் தொடங்கச் சொன்னால், உள்நுழைவு தோல்வியடைந்ததால் சேவை தொடங்கவில்லை என்று 1069 என்ற எண்ணோடு ஒரு சிறு பெட்டி வந்து நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்ததே என்ற எண்ணத்தில், புதிய திருத்தம்தான் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டி அதைக் கழற்றுவதில் இறங்குகிறவர்கள் பலர். அந்த உழைப்பு பெரும்பாலும் வீணாகிறது. ஏனென்றால் கெட்டது இன்று கெடவில்லை.

விண்டோசில் ஒரு சேவை எந்தக் கணக்கின் பெயரில் ஓடுகிறதோ, அந்தக் கணக்கின் கடவுச்சொல் சேவை தொடங்கும் தருணத்தில்தான் சரிபார்க்கப்படுகிறது. நாம் ஒருமுறை தட்டச்சு செய்து கொடுத்த கடவுச்சொல்லைக் கணினி தன் இரகசியக் கிடங்கில் மறையாக்கம் செய்து வைத்துக்கொள்கிறது. சேவைகளை நிர்வகிக்கும் மேலாளர் நிரல் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் அதை எடுத்து அந்தக் கணக்கில் உள்நுழைந்து, கிடைக்கும் டோக்கன் என்ற அடையாளச் சான்றைச் சேவையிடம் ஒப்படைக்கிறது. அதற்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் சேவையை யாரும் கடவுச்சொல் கேட்பதில்லை. ஆக, இரண்டு மாதங்களுக்கு முன், நிறுவனத்தின் கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருந்தாலும், கணக்கை முடக்கியிருந்தாலும், உரிமையைப் பறித்திருந்தாலும், சேவை எதுவுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். பழைய கணக்கெல்லாம் தீர்க்கப்படும் நாள்தான் மறுதொடக்க நாள்.

எனவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சேவை இதற்குமுன் கடைசியாக எப்போது வெற்றிகரமாகத் தொடங்கியது, அந்த நாளுக்கும் இன்றைக்கும் இடையில் என்னென்ன மாறின என்பதுதான். மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொரு தொடக்கத்தின்போதும் புதிய பிழைப் பதிவுக் கோப்பைத் திறக்கிறது. பழையவற்றில் ஆறு கோப்புகளை இயல்பாகவே வைத்திருக்கும். இருப்பவற்றில் ஆகப் புதிய கோப்பின் முதல் வரியில் இருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். (பதிவுக் கோப்பைத் தவணைமுறையில் சுழற்றும் பழக்கம் உள்ள இடங்களில், சேவை தொடங்கியதைக் காட்டும் வரிகள் உள்ள கோப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.) அந்தத் தேதி இனி எல்லா ஒப்பீட்டுக்கும் அளவுகோல்.

கைவைக்கும் முன்

சேவையைத் தொடங்கும் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்த வேண்டாம். ஒவ்வோர் அழுத்தலும் தவறான கடவுச்சொல்லோடு ஒரு முயற்சியாகக் கணக்கில் ஏறுகிறது. டொமைனில், அதாவது ஆக்டிவ் டைரக்டரி நிர்வகிக்கும் கணினிக் கூட்டத்தில், தவறான முயற்சிகளுக்குப் பூட்டு வரம்பு வைத்திருந்தால், நான்கைந்து முயற்சிகளில் கணக்கே பூட்டிக்கொள்ளும்; பிறகு சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் பயனில்லை. அதே கணக்கை வேறு சர்வர்களிலும் பயன்படுத்தியிருந்தால் சேதம் பரவும். அங்கே ஓடிக்கொண்டிருப்பவை உடனே விழாது. ஆனால் அவற்றில் எது நின்று எழ நேர்ந்தாலும் அதுவும் எழாது. தோல்வியடைந்தால் தானாக மீண்டும் முயல்க என்று சேவையின் மீட்பு அமைப்பிலோ கண்காணிப்புக் கருவியிலோ கொடுத்திருந்தால், அதையும் தற்காலிகமாக நிறுத்திவைப்பது நல்லது. நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நமக்குப் பதிலாக ஒரு கருவி நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, எந்த வாசல் மூடியிருக்கிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உள்நுழைவுத் தோல்வி என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் வந்து சேர்கின்றன. ஒன்றில், இயக்க முறைமை தரவுத்தளச் சேவையையே உள்ளே விடவில்லை. மற்றொன்றில், தரவுத்தளம் ஓடுகிறது; ஆனால் செயலியோ அறிக்கைச் சேவையோ தன் கணக்கில் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியவில்லை. முதல் வகையில் தரவுத்தளச் செயல்முறை பிறக்கவே இல்லை என்பதால், தரவுத்தளத்தின் பிழைப் பதிவில் மறுதொடக்கத்துக்குப் பிந்திய ஒரு வரிகூட இருக்காது. அங்கே தேடுவது, வீட்டுக்குள் வராதவரின் காலடியைக் கூடத்தில் தேடுவதைப் போன்றது. பிழைப் பதிவில் மறுதொடக்கத்துக்குப் பிந்திய நேரத்தோடு புதிய கோப்பு இருந்தால் இரண்டாவது வகை. இல்லையென்றால் முதல் வகை.

விண்டோஸ் சேவையை உள்ளே விடாதபோது

நிகழ்வுப் பதிவில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, சேவைக் கட்டுப்பாட்டு மேலாளர் எழுதிய வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். 7000 என்ற நிகழ்வு, சேவை தொடங்கவில்லை என்ற செய்தியைத்தான் சொல்லும். காரணம் அதன் பக்கத்திலேயே நிற்கும் 7038 அல்லது 7041 நிகழ்வில் இருக்கிறது. 7038 வந்தால், தற்போது பதிந்துவைத்துள்ள கடவுச்சொல்லைக் கொண்டு உள்நுழைய முடியவில்லை என்று பொருள். அதற்கான காரணமும் அதிலேயே ஒரு வரியில் இருக்கும். 7041 வந்தால், கடவுச்சொல்லில் குற்றமில்லை. சேவையாக உள்நுழையும் உரிமை அந்தக் கணக்குக்கு இந்தக் கணினியில் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் கடவுச்சொல்லை மாற்றப் போகிறவர், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, அதே கணக்கில் ஓடும் மற்ற சேவைகளுக்கு உண்மையான நோயை உண்டாக்கிவிடுகிறார்.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் செக்யூரிட்டி பகுதியில் 4625 நிகழ்வைப் பாருங்கள். உள்நுழைவு வகை 5 என்று இருந்தால் அது ஒரு சேவையின் முயற்சி. அதற்குள் நிலைக் குறியீடு, துணை நிலைக் குறியீடு என்று இரண்டு நீண்ட எண்கள் இருக்கும்; துணை நிலை சுழியமாக இருந்தால் நிலைக் குறியீட்டைப் பாருங்கள். கடைசி மூன்று எழுத்துகளே போதும். 06ஏ என்று முடிந்தால் கடவுச்சொல் தவறு. 064 என்றால் அந்தப் பெயரில் கணக்கே இல்லை. 071 காலாவதியான கடவுச்சொல்லையும், 072 முடக்கப்பட்ட கணக்கையும், 234 பூட்டப்பட்ட கணக்கையும், 224 முதல் உள்நுழைவிலேயே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும், 15பி உரிமை இல்லாததையும் குறிக்கின்றன. 133 என்று முடிந்தால் சர்வரின் கடிகாரமும், டொமைனில் உள்நுழைவுகளைச் சரிபார்க்கும் சர்வரான டொமைன் கண்ட்ரோலரின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. டொமைனின் சரிபார்ப்பு முறையான கெர்பரோஸ் இயல்பாகப் பொறுத்துக்கொள்ளும் வேறுபாடு 5 நிமிடம்தான். மெய்நிகர் கணினி தவறான நேரத்தோடு எழுந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கடவுச்சொல் தவறு என்று தெரிந்தால், அது எப்போது மாறியது என்று பாருங்கள். கட்டளைச் சாளரத்தில் நெட் யூசர் என்று தட்டி, கணக்கின் பெயரையும் டொமைன் என்ற சுவிட்ச்சையும் கொடுத்தால், கடவுச்சொல் கடைசியாக அமைக்கப்பட்ட நாளும் காலாவதியாகும் நாளும் அடுத்தடுத்த வரிகளில் வரும். முன்பு குறித்துவைத்த கடைசித் தொடக்கத் தேதிக்குப் பிந்தியதாக அது இருந்தால், விசாரணை முடிந்தது. யார் மாற்றியது என்பதை டொமைன் கண்ட்ரோலரில் 4724 நிகழ்வு சொல்லும். பல இடங்களில் குற்றவாளி ஒரு மனிதரே அல்லர்; கடவுச்சொல்லின் ஆயுள் வரம்புதான். ஆக்டிவ் டைரக்டரியில் அந்த வரம்பு இயல்பாக 42 நாள். சேவைக் கணக்குகளுக்கு விலக்கு வாங்காமல் விட்டிருந்தால், 43ஆம் நாளிலிருந்து எந்த மறுதொடக்கமும் தோல்வியில்தான் முடியும்.

சரியான கடவுச்சொல் கையில் இருக்கிறது என்று நம்புவதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள். ரன்அஸ் கட்டளையால் அந்தக் கணக்கில் ஒரு கட்டளைச் சாளரத்தைத் திறந்து பார்க்கலாம். இதில் இரண்டு நுட்பங்கள் உண்டு. நெட்ஒன்லி என்ற சுவிட்ச்சோடு இயக்கினால், எந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் சாளரம் திறந்துவிடும். அந்த முறையில் அது கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதே இல்லை. மறுபுறம், சேவைக் கணக்குகளுக்கு நேரடியாகத் திரையில் உள்நுழையும் உரிமையைப் பல நிறுவனங்கள் மறுத்துவைத்திருக்கும். அப்போது 1385 என்ற பிழை வரும். அது நல்ல செய்தி. கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகுதான் உரிமை பார்க்கப்படுகிறது என்பதால், கடவுச்சொல் தவறு என்ற 1326 வராமல் 1385 வந்தாலே கடவுச்சொல் சரி.

ஒருமுறை நள்ளிரவில் ஒரு சர்வரின் முன் உட்கார்ந்து, கடவுச்சொல் பெட்டகத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய சொல்லை மூன்று முறை கொடுத்தும் 7038 வந்துகொண்டே இருந்தது. நான்காவது முறை கைவைக்காமல், ஒட்டியதை ஒரு குறிப்பேட்டில் ஒட்டிப் பார்த்தேன். கடைசி எழுத்துக்குப் பின்னால், கர்சர் ஓர் எழுத்து அகலம் தள்ளி நின்றது. நகலெடுத்த இடத்தில் வரியின் முடிவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் பெட்டியில் எல்லாமே கரும்புள்ளிகள் என்பதால் பதினாறுக்கும் பதினேழுக்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை. அன்றிலிருந்து ஒட்டிய பிறகு புள்ளிகளை எண்ணுகிறேன்.

எஸ்க்யூஎல் சர்வரின் கணக்கையோ கடவுச்சொல்லையோ மாற்றும்போது, பொதுவான சேவைகள் சாளரத்தைப் பயன்படுத்தாமல், எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரையே பயன்படுத்த வேண்டும். தேவையான கோப்பு, ரெஜிஸ்ட்ரி உரிமைகளைப் புதிய கணக்குக்குத் தருவதையும், சர்வீஸ் மாஸ்டர் கீ என்ற தலைமைச் சாவியைப் புதிய கணக்கின் வழியாகத் திறக்கும்படி மறையாக்கம் செய்வதையும் அந்தக் கருவிதான் கவனித்துக்கொள்கிறது. கடவுச்சொல்லை மட்டும் புதுப்பிப்பதாக இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சேவையை நிறுத்தாமலேயே அதில் புதுப்பிக்கலாம். ஆக, டொமைனில் கடவுச்சொல்லை மாற்றிய அதே மணிநேரத்தில் இங்கேயும் மாற்றிவிட்டால், அடுத்த மறுதொடக்கத்தில் இந்தக் கதையே எழாது.

கணக்கு பூட்டியிருந்தால், பூட்டைத் திறப்பதற்கு முன் பூட்டியவரைக் கண்டுபிடியுங்கள். டொமைன் கண்ட்ரோலரில் 4740 நிகழ்வைத் திறந்தால், எந்தக் கணினியிலிருந்து வந்த முயற்சிகள் கணக்கைப் பூட்டின என்பது பெயரோடு இருக்கும். பல கண்ட்ரோலர்கள் இருக்கும் இடத்தில், பூட்டுத் தகவல்கள் வந்துசேரும் பிடிசி எமுலேட்டர் பொறுப்பில் இருக்கும் கண்ட்ரோலரில் பார்ப்பது விரைவு. பெரும்பாலும் மறந்துபோன ஒரு பழைய சர்வரில், பழைய கடவுச்சொல்லோடு ஒரு தவணைப் பணி ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாமல் பூட்டைத் திறந்தால், காப்பி குடித்து வருவதற்குள் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் திரும்பி வரும் பிழை

7041 தனியாக விரிவாகச் சொல்லத்தக்கது. ஏனென்றால் சரிசெய்துவிட்டோம் என்று நம்மை ஏமாற்றும் குணம் அதற்கு உண்டு. சேவைகள் சாளரத்தில் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் மறுபடி தட்டிச் சரி என்று கொடுத்தால், இந்தக் கணக்குக்குச் சேவையாக உள்நுழையும் உரிமை தரப்பட்டது என்று ஒரு செய்தி வரும், சேவையும் தொடங்கிவிடும். வேலை முடிந்தது என்று புகார்ச் சீட்டை மூடிவிட்டுப் போகிறோம். சில மணிநேரத்தில், டொமைனிலிருந்து சர்வர்களுக்கு அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி மறுபடி செயல்பட்டு, நாம் சேர்த்த உரிமையைத் துடைத்துவிடுகிறது. சேவை ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அடுத்த மாதத் திருத்தம், அடுத்த மறுதொடக்கம், அதே 7041.

உரிமைகளைப் பொறுத்தவரை குரூப் பாலிசி சேர்ப்பதில்லை, மாற்றி எழுதுகிறது. சேவையாக உள்நுழையும் உரிமைக்கு டொமைன் அளவில் யாராவது ஒரு பட்டியலைக் கொடுத்தால், அந்தப் பாலிசி எட்டும் எல்லாச் சர்வர்களிலும் உள்ளூர்ப் பட்டியல் போய் அந்தப் பட்டியலே நிற்கும். வேறொரு குழுவினர் தங்கள் காப்புப்பிரதிக் கணக்குக்காக அப்படி ஒரு வரியைச் சேர்த்திருப்பார்கள். நமது தரவுத்தளக் கணக்கு அதில் இருக்காது. அந்தப் பட்டியலில் என்டி சர்வீஸ் என்ற முன்னொட்டோடு ஆல் சர்வீசஸ் என்ற குழுவைச் சேர்க்க மறந்துவிட்டால், கடவுச்சொல்லே இல்லாத மெய்நிகர் கணக்குகளில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர்களும் எழாமல் போகும். கடவுச்சொல்லே இல்லாத கணக்குக்கு உள்நுழைவுத் தோல்வி எப்படி வரும் என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

ஜிபிரிசல்ட் கட்டளையால் அறிக்கை எடுத்தால், எந்தப் பாலிசி இந்த உரிமையை எழுதுகிறது என்பது பெயரோடு வரும். உள்ளூர்ப் பாதுகாப்புப் பாலிசியில் அந்த வரியைத் திறக்கும்போது பயனரைச் சேர்க்கும் பொத்தான் மங்கலாக இருந்தாலும் அதே பொருள்தான். தீர்வு அந்தப் பாலிசியிலேயே கணக்கைச் சேர்ப்பது. இந்தச் சர்வரில் எத்தனை முறை சேர்த்தாலும் நிற்காது. கூடவே, சேவையாக உள்நுழைவதை மறுக்கும் பட்டியல் ஒன்றும் தனியாக உண்டு. கணக்கோ அது உறுப்பினராக உள்ள குழுவோ அதில் இருந்தால், அனுமதிப் பட்டியலில் இருந்தும் பயனில்லை, மறுப்பே வெல்லும்.

எதையும் மாற்றாமலே பிறகு தொடங்கிவிடுகிறது

ஐந்து நிமிடம் கழித்துக் கையால் தொடங்கினால் சேவை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்துவிடுகிறது என்றால், கடவுச்சொல்லையும் உரிமையையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. தொடக்க வேளையில் டொமைன் கண்ட்ரோலர் எட்டவில்லை. டொமைனோடு தொடர்பைப் பேணும் நெட்லாகன் சேவை எழுதிய 5719 நிகழ்வு அதற்குச் சாட்சி. 1311 என்ற பிழை எண்ணும் அதையே சொல்லும். வலையமைப்பு அட்டை தயாராவதற்குள் சேவை முந்திக்கொண்டிருக்கலாம்; அல்லது அதே மெய்நிகர் இயந்திரத் தாங்கியில் இருக்கும் கண்ட்ரோலரும் கூடவே மறுதொடக்கமாகி இன்னும் எழாமல் இருக்கலாம். தாமதத் தானியங்கித் தொடக்கம் என்ற வகைக்குச் சேவையை மாற்றினால், மற்ற தானியங்கிச் சேவைகளுக்குப் பிறகு, இயல்பாக 120 நொடி பொறுத்தே அது தொடங்கும். பல இடங்களில் அதுவே போதும். எல்லாக் கண்ட்ரோலர்களையும் ஒரே தாங்கியில் வைத்திருப்பதைக் கேள்வி கேட்பது வேறு குழுவோடு நடத்த வேண்டிய உரையாடல்.

டொமைனோடு உள்ள நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்று 1789 வந்தால், விஷயம் சேவைக் கணக்கைப் பற்றியதே அல்ல. கணினியின் கணக்கைப் பற்றியது. கணினிகளும் தங்கள் கடவுச்சொல்லை இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பப்பட்ட மெய்நிகர் கணினி, டொமைன் இப்போது ஏற்காத பழைய கடவுச்சொல்லோடு எழுகிறது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சேனல் கட்டளையை ரிப்பேர் சுவிட்ச்சோடு இயக்கினால், டொமைனிலிருந்து வெளியேறி மறுபடி சேராமலேயே உறவு சரியாகும்.

குழு நிர்வகிப்புச் சேவைக் கணக்கு என்ற ஜிஎம்எஸ்ஏ வகைக் கணக்கைப் பயன்படுத்துகிறவர்கள், கடவுச்சொல் தொல்லை நமக்கில்லை என்று நிம்மதியாக இருப்பார்கள். பெரும்பாலும் அது நியாயமான நிம்மதிதான்: விண்டோஸ் சர்வர் 2012 முதல் வந்த இந்தக் கணக்கின் கடவுச்சொல்லை டொமைனே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றி, அனுமதி பெற்ற சர்வர்களுக்கு எடுத்துக்கொடுக்கிறது. ஆனால் அந்தச் சேவை இப்படி நிர்வகிக்கப்படும் கணக்கில் ஓடுகிறது என்பது கணினிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஸ்சி கியூமேனேஜ்டுஅக்கவுண்ட் என்ற கட்டளையைச் சேவையின் பெயரோடு கொடுத்தால் ஆம், இல்லை என்று பதில் வரும். இல்லை என்று வந்தால், எஸ்சி மேனேஜ்டுஅக்கவுண்ட் கட்டளையால் அதை ஆம் என்று மாற்றிவிடுங்கள். கடவுச்சொல்லைப் பெறும் அனுமதி இந்தச் சர்வருக்கு உண்டா என்பதை டெஸ்ட்-ஏடிசர்வீஸ்அக்கவுண்ட் கட்டளை சொல்லும். அனுமதிக் குழுவில் சர்வரைப் புதிதாகச் சேர்த்திருந்தால், சர்வர் ஒருமுறை மறுதொடக்கமான பிறகே அந்த உறுப்புரிமை அதற்குத் தெரியவரும்.

தரவுத்தளம் ஓடுகிறது, கணக்கை ஏற்க மறுக்கிறது

இந்த வாசலில் எஸ்க்யூஎல் சர்வர் தரும் எண் 18456. செயலியின் பக்கம் எப்போதும் நிலை 1 என்றே வரும். வெளியே நிற்பவருக்குக் காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதற்காக அது வேண்டுமென்றே மறைக்கப்படுகிறது. உண்மையான நிலை எண் சர்வரின் பிழைப் பதிவில்தான் இருக்கும். 5 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை. 8 என்றால் கடவுச்சொல் தவறு. 38, 40 என்றால் உள்நுழைவு சரி, ஆனால் கேட்ட தரவுத்தளத்தையோ இயல்புத் தரவுத்தளத்தையோ திறக்க முடியவில்லை. மறுதொடக்கத்துக்குப் பின் பார்க்கும் 38களில் பல, தரவுத்தளம் இன்னும் மீட்பு நிலையில் இருப்பதால் வருபவை. பெரிய பரிவர்த்தனை ஒன்று பாதியில் நின்றிருந்தால் மீட்புக்கு நேரமாகும். பிழைப் பதிவில் சதவீதம் ஏறிக்கொண்டிருப்பது தெரியும். அப்போது செய்ய வேண்டியது காத்திருப்பதுதான். பொறுமையிழந்து இன்னொரு முறை மறுதொடக்கம் செய்தால், மீட்பு முதலிலிருந்து தொடங்கும்.

திருத்தம் நிறுவிய உடனே 18401 வந்தால் அதுவும் காத்திருக்க வேண்டிய எண். சர்வர் தன் உள் அட்டவணைகளைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. அதுவரை நிர்வாகியைத் தவிர யாரையும் ஏற்காது.

நிலை 58 சுவையானது. எஸ்க்யூஎல் கணக்கில் நுழைய முயல்கிறார்கள், சர்வரோ விண்டோஸ் கணக்குகளை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த அமைப்பை மாற்றினால் சேவை மறுதொடக்கமான பிறகே நடைமுறைக்கு வரும். மூன்று வாரங்களுக்கு முன் பாதுகாப்புத் தணிக்கைக்காக யாரோ ஒரு பொத்தானை மாற்றிவைத்திருப்பார்கள். பழி இன்று மறுதொடக்கம் செய்தவர்மேல் விழும்.

ஆல்வேஸ் ஆன் போன்ற இரட்டைச் சர்வர் அமைப்பில், ஒரு சர்வரை மறுதொடக்கம் செய்ததும் தரவுத்தளம் மற்றொன்றுக்கு மாறிப்போகிறது. தரவுத்தளம் போகும், மாஸ்டர் என்ற அமைப்புத் தரவுத்தளத்தில் இருக்கும் உள்நுழைவுகள் கூடப் போகமாட்டா. அங்கே அந்த உள்நுழைவு இல்லையென்றால் நிலை 5 வரும். அதே பெயரில் இருந்தும் அடையாள எண் வேறாக இருந்தால், உள்நுழைவு தேறிவிடும், தரவுத்தளத்துக்குள் பயனர் அநாதையாக நிற்பார். இரண்டாவது சர்வரில் உள்நுழைவை உருவாக்கும்போது முதல் சர்வரின் அடையாள எண்ணையே குறிப்பிட்டு உருவாக்குவதுதான் நிலையான தீர்வு.

சர்வருக்குள்ளிருந்து விண்டோஸ் கணக்கால் நுழைய முடிகிறது, வெளியிலிருந்து மட்டும் எஸ்எஸ்பிஐ (விண்டோசின் சரிபார்ப்பு இடைமுகம்) சூழலை உருவாக்க முடியவில்லை என்று வருகிறதா? சேவையின் முதன்மைப் பெயர் என்ற எஸ்பிஎன் பதிவு தவறான கணக்கின்மேல் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சேவைக் கணக்கை மாற்றியபோது பழைய கணக்கின்மேல் பதிவு தங்கிவிடுவதுண்டு. பதிவே இல்லாவிட்டால் இணைப்பு பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கி எப்படியோ நடந்துவிடும். தவறான இடத்தில் இருந்தால்தான் அடைபடும். செட்எஸ்பிஎன் கட்டளையை எக்ஸ் சுவிட்ச்சோடு இயக்கினால், ஒரே பெயர் இரண்டு கணக்குகளில் இருப்பது தெரியவரும். க்யூ சுவிட்ச்சோடு பெயரைக் கொடுத்தால் அது யார்மேல் இருக்கிறது என்று வரும்.

மற்றத் தரவுத்தளங்களில்

மறுதொடக்கம் வெளிப்படுத்துகிறதே ஒழிய உண்டாக்குவதில்லை என்று இதுவரை சொன்னதற்கு மைஎஸ்க்யூஎல் 8.0 ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அதன் இயல்பான கேச்சிங்-ஷா2 முறை, ஒருமுறை முழுமையாகச் சரிபார்த்த கணக்கின் விவரத்தை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த முறைகளில் சுருக்கமாக விட்டுவிடும். மறுதொடக்கத்தில் அந்த நினைவகம் காலியாகிறது. முதல் இணைப்பு மறுபடி முழுச் சரிபார்ப்பைக் கடக்க வேண்டும். அதற்கு மறையாக்கப்பட்ட இணைப்போ, சர்வரின் பொதுச் சாவியோ தேவை. மறையாக்கம் இல்லாமல் இணையும் செயலி அந்த இடத்தில் 2061 பிழையோடு நிற்கும். ஜாவா செயலியென்றால் பொதுச் சாவியைப் பெற அனுமதியில்லை என்று சொல்லும். விந்தை என்னவென்றால், நிர்வாகி சந்தேகத்தோடு கட்டளைவரியிலிருந்து அதே கணக்கில் ஒருமுறை நுழைந்து பார்ப்பார். அவருடைய கருவி இயல்பாகவே மறையாக்கத்தோடு இணைவதால் நுழைவு தேறும், நினைவகம் நிரம்பும், செயலியும் அடுத்த நொடி சரியாகிவிடும். தானாகச் சரியாகிவிட்டது என்று எழுதி மூடப்பட்ட சீட்டுகளில் சில இப்படிப்பட்டவை. செயலியின் இணைப்பில் டிஎல்எஸ் மறையாக்கத்தை இயக்குவதே சரியான தீர்வு.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் யார் எந்த முறையில் நுழையலாம் என்று சொல்லும் பிஜி-எச்பிஏ கோப்பைத் திருத்தி, அதில் ஒரு பிழையை விட்டுவிட்டால், ஓடும் சர்வர் புதிய கோப்பை ஏற்காமல் பழைய விதிகளோடு தொடரும். பதிவில் மட்டும் ஒரு வரி எழுதிவைக்கும். மறுதொடக்கத்தில் பழைய விதிகள் நினைவில் இல்லை என்பதால் சர்வர் எழவே எழாது. 10ஆம் பதிப்பு முதல் உள்ள பிஜி-எச்பிஏ-ஃபைல்-ரூல்ஸ் என்ற காட்சியை, கோப்பைத் திருத்திய உடனே பார்த்தால், பிழையுள்ள வரி எண்ணோடு தெரியும்.

லினக்சில் சேவையின் நிலையைக் கேட்கும்போது 217 என்ற எண்ணும் யூசர் என்ற சொல்லும் வந்தால், எந்தப் பயனரின் பெயரில் சேவை ஓட வேண்டுமோ அந்தப் பயனரையே, சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி கண்டறியவில்லை. பயனர் உள்ளூரில் இல்லாமல் மைய அடைவில் இருந்து, அடைவை அணுகும் சேவை இன்னும் எழாதபோது இது நேரும். பயனர் தேடல் தயாரான பிறகே தொடங்க வேண்டும் என்று சேவைக் கோப்பில் வரிசையைக் குறிப்பிடலாம். தரவுத்தளத்துக்கு உள்ளூர்ப் பயனரையே வைத்துக்கொள்வது இன்னும் எளிது என்பது என் அனுபவம்.

சரிசெய்தபின்

முதலில் தரவுத்தளச் சேவையைத் தொடங்கி, மீட்பு முடிந்ததைப் பிழைப் பதிவில் பார்த்து, அதன் பிறகு, தரவுத்தளத்தின் தவணைப் பணிகளை ஓட்டும் ஏஜென்ட் சேவையைத் தொடங்குங்கள். நிறுத்திவைத்த தானியங்கி மீட்பை மறுபடி இயக்க மறக்க வேண்டாம். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், அதே கணக்கில் ஓடும் மற்றச் சேவைகளையும் தவணைப் பணிகளையும் ஐஐஎஸ் இணையச் சர்வரின் செயலிக் குழுக்களையும் தேடிப் புதுப்பிக்க வேண்டும். சேவைகளை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. வெளியிலிருந்து ஒரு கணினியில் இணைந்து, இணைப்புகளைக் காட்டும் காட்சியில் சரிபார்ப்பு முறை கெர்பரோஸ் என்று இருக்கிறதா, என்டிஎல்எம் என்று இருக்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, எல்லோரும் விழித்திருக்கும் அதே பராமரிப்பு நேரத்துக்குள் குரூப் பாலிசியைக் கையால் ஒருமுறை கட்டாயமாகப் புதுப்பித்து, சர்வரை இன்னொரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள். அந்த இரண்டாவது எழுச்சியில் 7038, 7041, 5719 மூன்றும் நிகழ்வுப் பதிவில் இல்லை, செயலியும் தன் கணக்கில் நுழைந்துவிட்டது என்றால் சீட்டை மூடலாம்.